பந்தை யார் எடுப்பது?

ஜவ்வாது மலை அடிவாரத்தில் கோடை வந்தால் ஏரிகள்தான் மைதானம். மாசியில் தண்ணீர் வற்றத் தொடங்கும். சித்திரையில் ஏரி உள்வாய் முழுக்க வெடித்துக் கிடக்கும். ஆடு மாடு மிதித்துச் சமமான இடத்தில் மூன்று குச்சி நட்டால் ஆட்டம் தொடங்கிவிடும். கரையோரம் சீமைக் கருவேலம் மண்டியிருக்கும். நன்றாக அடிபட்ட பந்தெல்லாம் கடைசியில் அந்த முள்ளுக்குள்தான் போய்ச் சேரும்.

மூன்று கோடைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்படி ஒரு ஏரிக்குள் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடியவர்கள் பதினான்கு பிள்ளைகள். எட்டு வயதிலிருந்து பதிமூன்று வயதுவரை இருக்கும். பந்து முள்ளுக்குள் போனது. புதருக்குப் பக்கத்தில் நின்றவன் ஒருவன். ஆனால் எல்லோரும் திரும்பிப் பார்த்தது, எதிர்ப்பக்கம் தூரத்தில் நின்ற இன்னொரு பையனை. "போய் எடுத்துக்கினு வாடா" என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. அவன் அதற்குள் ஓடத் தொடங்கிவிட்டான். காலில் செருப்பும் இல்லை.

அவன் எந்தத் தெருப் பையன் என்று இந்தப் பகுதியை வாரம்தோறும் படிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. 1996 உலகக் கோப்பை நடந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. ஊராட்சி டிவி அறைக்குள் ஊர்ப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். காலனிப் பிள்ளைகள் நாங்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்போம். மறுநாள் ஏரியில் அதே ஆட்டம் நடக்கும். அதில் எனக்கு இரண்டு வேலை. புங்கங்கம்பு வெட்டி ஸ்டம்ப் சீவுவது ஒன்று, முள்ளுக்குள் போன பந்தை எடுத்துவருவது இன்னொன்று. பேட்டிங் கடைசியில் வரும். பெரும்பாலும் வராது. "இருட்டிப் போச்சுடா, நாளைக்கு உனக்குத்தான் ஃபர்ஸ்ட்" என்பார்கள். மறுநாளும் இருட்டும்.

இதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அன்றைக்கு இதைச் சாதி என்று நான் நினைக்கவில்லை. எனக்கு பேட்டிங் வராது என்றுதான் நினைத்தேன். பல வருடம் கழித்துத் தமிழ் முதுகலை படிக்கக் கல்லூரி விடுதிக்குப் போனபோது, வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்திருந்த பத்துப் பேர் இரவில் உட்கார்ந்து இதே கதையைச் சொன்னார்கள். எல்லோரும் முள்ளில் பந்து எடுத்தவர்கள். எல்லோரும் தனக்கு ஆட வராது என்று நம்பியவர்கள். பத்துப் பேருக்கும் ஒரே நேரத்தில் ஆட வராமல் போவது எப்படி?

கட்டை விரல்

இதெல்லாம் பழைய கதை என்று சொல்கிறவர்கள் உண்டு. 2023 ஜூன் மாதம் குஜராத் மாநிலம் பாட்டன் மாவட்டத்தில் காகோஷி என்ற கிராமத்தில் நடந்ததை அவர்கள் நினைத்துப் பார்க்கலாம். பள்ளி மைதானத்தில் கிரிக்கெட் நடந்துகொண்டிருந்தது. வேடிக்கை பார்த்த தலித் சிறுவன் ஒருவன் பந்தைக் கையில் எடுத்தான். அதற்காக மிரட்டப்பட்டான், சாதி சொல்லி ஏசப்பட்டான். சிறுவனின் மாமா தட்டிக் கேட்டார். அன்று மாலையே ஒரு கும்பல் வந்து தாக்கியதில், அந்தக் குடும்பத்தில் ஒருவருடைய கட்டை விரல் வெட்டப்பட்டது. ஏகலைவன் கதையைப் புராணம் என்று நினைத்துப் படித்த எனக்கு அன்று செய்தித்தாளை மடித்து வைக்கத்தான் முடிந்தது.

நம் மாநிலத்திலும் 2025 மார்ச்சில், தூத்துக்குடி மாவட்டம் ஸ்ரீவைகுண்டம் அருகே பதினோராம் வகுப்புத் தேர்வு எழுதப் பேருந்தில் போன தலித் மாணவனை இறக்கி அரிவாளால் வெட்டினார்கள். கைவிரல்கள் துண்டாயின. கபடிப் போட்டியில் ஜெயித்ததுதான் காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள்.

பந்தை எடுத்தாலும் குற்றம், ஆட்டத்தில் ஜெயித்தாலும் குற்றம். முள்ளில் எடுத்துக் கொடுத்தால் மட்டும் யாருக்கும் கோபம் வருவதில்லை.

இந்திய கிரிக்கெட்டின் முதல் பெரிய பந்துவீச்சாளர் ஒரு தலித் என்பதை நம் மாணவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? 1876இல் தார்வாரில் பிறந்த பல்வங்கர் பாலூ, தோல் வேலை செய்யும் சமூகத்தைச் சேர்ந்தவர். புனேயில் பார்சி கிளப் ஒன்றில் பிட்ச் பெருக்கும் வேலையில் சேர்ந்தார். சம்பளம் மாதம் மூன்று ரூபாய். பிறகு வெள்ளைக்காரர்களின் புனே கிளப்பில் நான்கு ரூபாய்க்கு ரோலர் இழுத்தார். வலை கட்டினார். அவர்களுக்குப் பயிற்சிக்காகப் பந்து போட்டார். இடது கைச் சுழல். மணிக்கணக்காகப் பந்து போட்ட அந்த இளைஞனுக்கு அந்த வலையில் ஒரு நாளும் பேட்டைக் கொடுக்கவில்லை.

வெள்ளைக்காரர்களைத் தோற்கடிக்க அவர் தேவைப்பட்டதால் புனேயின் இந்து அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. மைதானத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் மட்டும் அவருக்கு வெளியே, தனியே, மண் குவளையில் தேநீர். 1911இல் இங்கிலாந்துக்குச் சென்ற இந்திய அணியில் அவர் எடுத்த விக்கெட்டுகள் 114. அப்படிப்பட்டவருக்கு இந்து அணியின் கேப்டன் பதவி கடைசிவரை கிடைக்கவில்லை. அவருடைய தம்பிகள் சிவராமும் விட்டலும் 1920இல் அந்த அநீதியைக் கண்டித்து அணியிலிருந்து விலகினார்கள். 1923இல்தான் விட்டல் கேப்டனானார். இளம் அம்பேத்கருக்குப் பாலூ மீது பெருமதிப்பு இருந்தது. 1937 தேர்தலில் இருவரும் பம்பாயில் எதிரெதிராக நின்றதும், அம்பேத்கர் வென்றதும் தனிக் கதை. அதை இன்னொரு வாரம் பேசலாம்.

என் மனதில் நிற்பது அந்த மண் குவளை. ஏனென்றால் நாங்கள் ஏரியில் முதலில் மாற்ற வேண்டியிருந்ததும் தண்ணீரைத்தான்.

நான்கு பேரும் ஒரு கேனும்

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு வாரம் கழித்து நாங்கள் நான்கு பேர் சேர்ந்தோம். செவிலியர் படிப்பில் இருக்கும் ஒரு மாணவி, ஷேர் ஆட்டோ ஓட்டும் ஒரு தம்பி, தற்காலிகப் பணியில் இருந்த ஓர் ஆசிரியர், நான். எங்களில் யாரும் கிரிக்கெட் பயிற்சியாளர் கிடையாது. ஆட்டோக்காரத் தம்பி ஒருவருக்குத்தான் ஒழுங்காகப் பந்து போடத் தெரியும். பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் கற்றுக்கொடுக்க நாங்கள் போகவில்லை. அது அவர்களுக்கே தெரியும். ஞாயிறு சாயங்காலம் இரண்டு மணி நேரம் அங்கே பெரியவர்கள் நிற்பது, அவ்வளவுதான் திட்டம்.

முதல் வாரம் ஊர்ப் பிள்ளைகள் ஆளுக்கொரு பாட்டில் கொண்டுவந்தார்கள். காலனிப் பிள்ளைகள் பாட்டில் இல்லாமல் வந்து, தாகம் எடுத்தபோது அரை கிலோமீட்டர் ஓடி வீட்டில் குடித்துவிட்டு வந்தார்கள். அந்த இடைவெளியில் அவர்களுடைய பேட்டிங் முறை போய்விடும். அடுத்த வாரம் நாங்கள் இருபது லிட்டர் கேன் ஒன்றும் நான்கு டம்ளரும் கொண்டுபோனோம். சொந்த பாட்டில் வேண்டாம், எல்லோருக்கும் இதே தண்ணீர் என்றோம். ஊற்றிக் கொடுக்கும் வேலை வாரத்துக்கு இருவருக்கு, சீட்டுக் குலுக்கி. மூன்றாவது வாரம் காலனிப் பெண் பிள்ளை ஒருத்தியின் பெயர் வந்தது. அவள் ஊற்றினாள். இரண்டு பையன்கள் தாகமில்லை என்றார்கள். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. நாங்கள் எதுவும் சொல்லவில்லை. ஆட்டத்தையும் நிறுத்தவில்லை. ஒருவன் அன்றே கடைசியில் குடித்தான். இன்னொருவன் நான்கு வாரம் வரவில்லை. பிறகு வந்தான். அவன் வீட்டில் என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை.

அடுத்தது அணி பிரிப்பது. இரண்டு கேப்டன்கள் மாறி மாறி ஆள் கூப்பிடுவது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். கடைசியாகக் கூப்பிடப்படுகிறவன் தினமும் ஒரே ஆளாக இருந்தால் அவன் மனம் என்ன ஆகும் என்று யாரும் யோசிப்பதில்லை. அதிலும் ஆள் ஒற்றைப்படையாக வந்துவிட்டால் மிச்சமிருப்பவன் "ஒப்புக்குச் சப்பாணி". நம் தமிழில் எவ்வளவோ நல்ல சொற்கள் இருக்கின்றன. இந்த ஒரு சொல்லில் மட்டும் கால் ஊனமுற்றவரையும் கேலி செய்து, ஆட்டத்தில் கணக்கில்லாதவனையும் கேலி செய்துவிட்டோம். எங்கள் ஏரியில் அந்தச் சொல்லுக்குத் தடை. கேப்டன் கூப்பிடுவதற்கும் தடை. சாட் பூட் த்ரீ போட்டுத்தான் அணி.

ஆட்ட முறையையும் மாற்றினோம். இதற்கு யோசனை இங்கிலாந்திலிருந்து கிடைத்தது. அங்கே சிறு பிள்ளைகளுக்கு 'க்விக் கிரிக்கெட்' என்று ஒரு வகை உண்டு. அணிக்கு எட்டுப் பேர். இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்ந்து, ஒவ்வொரு ஜோடியும் இரண்டு ஓவர் பேட் செய்யும். அவுட் ஆனாலும் வெளியே போக வேண்டியதில்லை. அணியின் கணக்கு 200 ரன்னில் தொடங்கும், ஒவ்வொரு அவுட்டுக்கும் 5 ரன் கழியும். எதிரணியில் எட்டுப் பேரும் ஆளுக்கு ஓர் ஓவர் போட வேண்டும். ஆக எட்டு ஓவரில் எல்லோரும் பேட் செய்துவிடுவார்கள், எல்லோரும் பந்து போட்டுவிடுவார்கள். "நாளைக்கு உனக்குத்தான் ஃபர்ஸ்ட்" என்ற பேச்சுக்கே இடமில்லை. முதல் பந்தில் போல்டான எட்டு வயதுப் பிள்ளை அழுதுகொண்டு கரையில் போய் உட்காருவதும் இல்லை.

நன்றாக ஆடும் பையன்களுக்கு இது பிடிக்கவில்லை. "இன்னா சார் இது, கிரிக்கெட்டே இல்ல" என்றான் ஒருவன். அவன் சொன்னதில் நியாயமும் உண்டு. அவனுக்கு வயது பதிமூன்று, நாள் முழுக்க அவுட் ஆகாமல் ஆடத் தெரிந்தவன். அதனால் முதல் ஆட்டம் ஜோடி முறை, இரண்டாவது ஆட்டம் வழக்கமான முறை என்று பிரித்துக்கொண்டோம். ஒரு கால் சற்றுக் குட்டையான பையன் ஒருவன் இருக்கிறான். அவனுக்காக இரண்டு ஆட்டத்திலும் ரன்னர் உண்டு. சர்வதேச கிரிக்கெட்டில் 2011இல் ரன்னரை எடுத்துவிட்டார்கள். எங்கள் ஏரியில் அந்த விதி செல்லாது.

இன்னொரு விதி மிகச் சிறியது: அடித்தவன்தான் முள்ளுக்குள் போய்ப் பந்தை எடுக்க வேண்டும். இதற்குத்தான் அதிக எதிர்ப்பு வந்தது. பிள்ளைகளிடமிருந்து வரவில்லை. கரையில் பைக்கை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்த இரண்டு பெரியவர்களிடமிருந்து. "எங்க பையன் ஏம்ப்பா முள்ளுல போவணும்? அதான் இருக்கானே" என்றார் ஒருவர். எங்களுடைய மாணவி அவரிடம், "அண்ணா, அவனும் ஒரு அம்மா பெத்த பையன்தான்" என்றாள். அவர் பதில் சொல்லாமல் பைக்கைக் கிளப்பிக்கொண்டு போனார். அவர் மகன் இன்றைக்கும் வருகிறான்.

மலைக்கு மேலே

போன ஆண்டு ஓர் உண்டு உறைவிடப் பள்ளி ஆசிரியர் எங்களை மலைக்குக் கூப்பிட்டார். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் போகும் பேருந்தில் காலனியிலும் ஊரிலுமாகப் பன்னிரண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனோம். பாதிப் பேருக்கு கொண்டை ஊசி வளைவில் வாந்தி. தினமும் கண் எதிரே நிற்கும் மலை, அதில் ஏறியவர்கள் மூன்றே பேர்.

மலையில் சமதளம் கிடையாது. சாமை அறுத்த கொல்லையில்தான் ஆட்டம். ஒரு படிக்கட்டு வயலிலிருந்து பந்து கீழ் வயலுக்குப் போனால் அவுட் என்று அங்கே அவர்கள் வைத்த விதி. இல்லாவிட்டால் பந்தைத் தேடியே பொழுது போய்விடும். புளியம்பழத்தைக் கல்லால் அடித்துப் பழகிய கைகள். எறிந்தால் நேராக ஸ்டம்புக்கு வரும். எங்கள் பையன்கள் ஐந்து பேர் ரன் அவுட். "அவங்க மாங்கா அடிக்கிற மாரி அடிக்கிறாங்க சார்" என்று ஒருவன் குறைப்பட்டுக்கொண்டான்.

ஆனால் மலையில் சாதி இல்லை என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. மலையாளிப் பழங்குடி மக்கள், தாங்கள் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறிய வேளாளர் வழியினர் என்று சொல்லும் கதை பழையது. அந்தக் கதையோடு சேர்ந்து மேல் கீழ் என்ற நினைப்பும் மலையேறியிருக்கிறது. எங்கள் பிள்ளைகள் இறங்கியதும் ஒரு பெரியவர் கேட்ட முதல் கேள்வி, "எந்த ஊரு? அதுல எந்தத் தெரு?" ஏமாற்றப்படுவதிலும் நிலம் இழப்பதிலும் நம்மோடு ஒன்றாக நிற்கும் மக்கள் அவர்கள். சந்தையில், மருத்துவமனையில், அரசு அலுவலகத்தில் நாம் படும் அவமானத்தை அவர்களும் படுகிறார்கள். அப்படியிருந்தும் அந்தக் கேள்வி வந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இடையே பொருந்தாது. பொருந்தினாலும் பத்து வயதுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு எந்தக் காவல் நிலையத்துக்குப் போவது? நாங்கள் செய்தது, அணியைக் கலந்து பிரித்ததுதான். மலைப் பிள்ளைகள் ஓரணி, கீழ் நாட்டுப் பிள்ளைகள் ஓரணி என்று இல்லாமல், இரண்டிலும் இரண்டு பேரும். மதியம் அந்தப் பள்ளி ஆசிரியர் எல்லோரையும் ஒரே வரிசையில் உட்கார வைத்தார். கேள்வி கேட்ட பெரியவர் வாசலில் நின்று பார்த்தார். சாயங்காலம் பேருந்து ஏறும்போது ஒரு பை நிறைய சீத்தாப்பழம் கொண்டுவந்து கொடுத்தார். அவர் மாறிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். பழம் இனிப்பாக இருந்தது.

மலைக்குப் போவதற்கு வேறொரு காரணமும் உண்டு. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல் துறையால் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரை யாரும் மறந்திருக்க மாட்டோம். திருவண்ணாமலை மாவட்டத்தவரும் தர்மபுரி மாவட்டத்தவரும்தான் அவர்களில் பெரும்பகுதி. ஜவ்வாது மலை வீடுகளிலும் இழவு விழுந்தது. செம்மரம் வெட்ட ஆள் பிடிக்கும் தரகர்கள் தேடுவது இளவட்டங்களைத்தான். பள்ளியை விட்ட, கையில் காசில்லாத, ஞாயிற்றுக்கிழமை செய்ய வேலை இல்லாத பையன்கள். ஒரு பந்தையும் பேட்டையும் வைத்துக்கொண்டு அதைத் தடுத்துவிடுவோம் என்று நான் கதை விட மாட்டேன். ஆனால் ஒரு பையன் இரண்டு வாரம் ஆட வரவில்லை என்றால், எங்கே போனான் என்று கேட்க அந்த மலையில் இப்போது ஓர் ஆசிரியர் தவிர இன்னும் நான்கு பேர் இருக்கிறோம்.

பெண் பிள்ளைகள்

முதல் இரண்டு மாதம் எங்கள் ஏரிக்கு வந்த பெண் பிள்ளைகள் இரண்டே பேர். வா என்று கூப்பிட்டால் போதும் என்று நினைத்துவிட்டோம். மாணவிதான் வீடு வீடாகப் போய்க் கேட்டாள். காரணம் எளிதாக இருந்தது. நாங்கள் ஆட்டம் வைத்த நான்கு மணிக்குத்தான் காலனிக் குழாயில் தண்ணீர் விடுகிறார்கள். குடம் வைத்துக் காத்திருப்பது பெண் பிள்ளைகள். தவிர, இடுப்பில் தம்பியோ தங்கையோ. ஆட்டத்தை ஐந்து மணிக்கு மாற்றினோம். கைக்குழந்தைகளை ஏரிக்கரைப் புங்க மரத்தடியில் ஒரு பாட்டி பார்த்துக்கொள்கிறார். அவருக்கு நாங்கள் தரும் சம்பளம் வெற்றிலை பாக்கு. இப்போது பதினொரு பெண் பிள்ளைகள் வருகிறார்கள்.

அவர்களிடம் நான் அடிக்கடி சொல்வது வடசென்னைப் பிள்ளைகளின் கதை. 2019 மே மாதம் லண்டனில் தெருவோரக் குழந்தைகளுக்கான கிரிக்கெட் உலகக் கோப்பை முதல்முறையாக நடந்தது. தென்னிந்தியா சார்பில் ஆடிய அணியில் சென்னை கருணாலயா அமைப்பின் பராமரிப்பில் வளர்ந்த பிள்ளைகள் இருந்தார்கள். நடைபாதையில் குடும்பம் நடத்தும் வீட்டுப் பிள்ளைகள். சிறுவரும் சிறுமியரும் கலந்த அணி. இறுதி ஆட்டம் லார்ட்ஸ் மைதானத்தில். எதிரணி இங்கிலாந்து. நம் பிள்ளைகள் ஜெயித்தார்கள். அடுத்த உலகக் கோப்பை 2023 செப்டம்பரில் சென்னையிலேயே நடந்தது. முகவரியும் அடையாளச் சான்றும் இல்லாத குழந்தைகளுக்கு அவற்றைக் கேட்டு வாங்குவதும் அந்தப் போட்டியின் நோக்கங்களில் ஒன்று. லார்ட்ஸ் என்றால் என்ன என்று எங்கள் பெண் பிள்ளை ஒருத்தி கேட்டாள். "கிரிக்கெட்டுக்குக் கோயில் மாதிரி" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் உடனே, "உள்ள வுட்டாங்களா சார்?" என்றாள்.

அந்த லார்ட்ஸ் இருக்கும் நாட்டிலும் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பாகிஸ்தானிலிருந்து குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்த அசீம் ரபீக் என்ற வீரர், 2021 நவம்பரில் இங்கிலாந்து நாடாளுமன்றக் குழு முன்பு அழுதபடி சாட்சி சொன்னார். தனக்குப் பதினைந்து வயதிருக்கும்போது உள்ளூர் கிளப்பில் தன்னைப் பிடித்து அமுக்கி வாயில் மதுவை ஊற்றினார்கள் என்றார். அவர் இஸ்லாமியர். 2023இல் அங்கே ஒரு தனி ஆணையம், இன வேற்றுமையும் வர்க்க வேற்றுமையும் பெண்களை ஒதுக்குவதும் கிரிக்கெட்டில் பரவலாக இருக்கின்றன என்று அறிக்கை கொடுத்தது. கிரிக்கெட் வாரியம் மன்னிப்புக் கேட்டது. நம் ஊரில் அப்படி ஓர் ஆணையம் வருமா என்று தெரியவில்லை. சினிமாதான் இப்போதைக்கு அந்த வேலையைச் செய்கிறது. நம் பக்கத்து அரக்கோணத்தை வைத்து 2024 ஜனவரியில் ஜெயக்குமாரின் 'ப்ளூ ஸ்டார்', அதே ஆண்டு செப்டம்பரில் தமிழரசன் பச்சமுத்துவின் 'லப்பர் பந்து'. இரண்டையும் பிள்ளைகள் செல்போனில் எத்தனை முறை பார்த்தார்கள் என்று கணக்கில்லை. லப்பர் பந்து பார்த்துவிட்டு ஒரு பையன் என்னிடம், "சார், அந்த டீம்ல அவன ஏன் சேத்துக்கல?" என்று கேட்டான். படத்தில் காரணம் தெளிவாகவே இருக்கிறது. அவனுக்கும் தெரியும். நான் என்ன சொல்கிறேன் என்று பார்க்கத்தான் கேட்டான்.

பூட்டிய பீரோ

செலவு பற்றிக் கேட்கிறவர்களுக்கு: பந்து வாரத்துக்கு ஒன்று கிழியும் அல்லது தொலையும். அதை நான்கு பேரும் பங்கிட்டுக்கொள்கிறோம். பேட் வாங்கத் தேவை இருக்கவில்லை. தமிழக அரசு 2024 பிப்ரவரியில் மதுரையில் தொடங்கிய கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் திட்டம், மாநிலத்தின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் 33 வகை விளையாட்டுப் பொருள்களைத் தருவது. கிரிக்கெட் பேட்டும் அதில் அடக்கம். நான் அறிந்த ஓர் ஊராட்சியில் அந்தப் பை பீரோவில் பத்திரமாக இருந்தது. சாவி யாரிடம் என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் காட்டினார். பொங்கல் டோர்னமெண்டுக்கு ஊர் இளைஞர்களுக்கு மட்டும் பூட்டு திறந்திருக்கிறது.

நாங்கள் சண்டை போடவில்லை. மே 1 கிராம சபையில் எட்டுப் பிள்ளைகளின் தாய்மார் எழுந்து, ஞாயிறுதோறும் பையைத் தர வேண்டும் என்று மனு கொடுத்தார்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொன்னார்கள். எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னார்கள். அடுத்த ஞாயிறு பை வந்தது. உங்கள் ஊராட்சியிலும் அந்தப் பை எங்கேயோ இருக்கும். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கல்லூரி மாணவர்கள் இந்தத் தேதிகளைக் குறித்துக்கொள்ளலாம்.

மறுத்தால் சட்டம் இருக்கிறது. 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பொது இடத்திலோ பொழுதுபோக்கு இடத்திலோ தலித்துகளும் பழங்குடியினரும் நுழைவதைத் தடுப்பதையும், பொதுப் பயன்பாட்டுக்கான பொருள்களைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதையும் குற்றமாக்குகிறது. ஏரி உள்வாயும் ஊராட்சியின் பேட்டும் அதற்குள் வரும். சட்டத்தைப் பையில் வைத்திருங்கள். முதலில் எடுக்க வேண்டியது மனு.

எங்களுக்குத் தோல்விகளும் உண்டு. போன தை மாதம் பக்கத்து ஊர் டோர்னமெண்டுக்குச் சிறுவர் அணி கேட்டார்கள். பிள்ளைகள் துள்ளினார்கள். போய்ப் பார்த்தால் மைதானம் முழுக்கச் சாதிச் சங்கத் தலைவர்களின் பேனர், அணிக்கு அணி கையில் கலர் கயிறு. நாங்கள் ஆடாமல் திரும்பினோம். நன்றாக ஆடும் அந்தப் பதிமூன்று வயதுப் பையன், பேட்டி கொடுப்பது போலப் பயிற்சி எல்லாம் செய்து வைத்திருந்தவன், பேருந்தில் என்னோடு பேசவில்லை. சின்னப்பம்பட்டி நடராஜன் டென்னிஸ் பந்தில் ஆடித்தானே இந்திய அணிக்குப் போனார், போட்டியில் ஆடாமல் எப்படிப் போவது என்று அவன் நினைத்திருப்பான். அது சரியான நினைப்புத்தான். நாங்கள் எடுத்த முடிவு சரியா என்று எனக்கு இன்றும் சந்தேகம் உண்டு. அடுத்த தையில் பேனரும் கயிறும் இல்லாத ஒரு போட்டியை நாங்களே நடத்துவதுதான் அவனுக்கு நான் தரக்கூடிய பதில். நுழைவுக் கட்டணம் கிடையாது. ஒவ்வோர் அணியிலும் மூன்று பெண் பிள்ளைகளாவது இருக்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டுத் தங்கள் ஊரில் தொடங்க நினைக்கும் இளைஞர்களுக்கு ஒரு கண்டிப்பான வார்த்தை. தனியாகப் போகாதீர்கள். எப்போதும் இரண்டு பெரியவர்களாவது இருக்க வேண்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். எந்தப் பிள்ளையையும் தனியே பைக்கில் ஏற்றிக்கொண்டு போகக் கூடாது. பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் எல்லாப் பிள்ளைகளுக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும். எங்கள் பிள்ளைகள் அதைப் பாட்டாகவே பாடுகிறார்கள். ஆட்டத்தில் நாலு ரன் அடித்தால் அதுதான் கொண்டாட்டப் பாட்டு.

போன ஞாயிற்றுக்கிழமை, பைக்கைக் கிளப்பிக்கொண்டு போன அந்தப் பெரியவரின் மகன் பேட் செய்தான். கால் பக்கம் விழுந்த பந்தை ஓங்கி அடித்தான். நேராக முள்ளுக்குள். பேட்டைப் போட்டுவிட்டு அவனே போனான். புதருக்கு முன்னால் நின்று எந்தப் பக்கம் நுழைவது என்று தெரியாமல் முழித்தான். மூன்று வருடத்துக்கு முன் செருப்பில்லாமல் ஓடிய பையன் எதிரணியில் பந்து போட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு அந்தப் புதரின் ஒவ்வொரு சந்தும் தெரியும்.

"டேய், அங்க இல்லடா. எடது கைப்பக்கம் குனிஞ்சு போ. மேல இருக்கிற கொம்ப மொதல்ல புடி" என்று நின்ற இடத்திலிருந்தே கத்தினான். பந்து வந்ததும் டிரவுசரில் துடைத்துவிட்டு, அடுத்த பந்தைப் போடப் பின்னால் நடந்தான்.